தையலுக்கு விட்ட அரை சென்டிமீட்டர்

"விரலை விரி," என்றாள் தங்கை.

அண்ணன் விரித்தான்.

"இவ்வளவுதானா? யாரோ பிடுங்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயந்த மாதிரி விரிக்கிறே. நல்லா விரி."

"போதும்டி. மவுஸ் வாங்க அளவு எடுன்னா, சொத்து எழுதி வாங்கற மாதிரி கையைப் பிடிச்சு அழுத்தற."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. சாப்பாட்டு மேசை மேல் பழுப்புத் தாள், தாள் மேல் அண்ணனின் வலது கை. லிஃப்ட் பழுது பார்க்கிறவன் கை. எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் கிரீஸ் மெல்லிய கோடாகத் தங்கியிருக்கும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, சுண்டுவிரலின் அடியில் தொடங்கி ஒவ்வொரு விரலாக அவள் ஏறி இறங்கினாள்.

"கூசுது."

"கூசினா கூசட்டும். அசைஞ்சா ஆறு விரல் வந்துடும்."

"வரட்டுமே. கம்ப்யூட்டர் விளையாட்டுல கோட்டைக்குக் கிழக்கு வாசலை நான் ஒருத்தனே காவல் காக்கிறேன். இன்னொரு விரல் இருந்தா உதவிதானே."

அடுக்களையிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள். "ஏழு கழுதை வயசாகுது. அண்ணனும் தங்கச்சியும் உக்காந்து கையை வரைஞ்சு விளையாடுங்க. பாத்திரம் கழுவ ஒரு கை வேணும்னா மட்டும் யாருக்கும் கை இருக்காது."

"இது விளையாட்டு இல்ல, ஆராய்ச்சி," என்றான் அண்ணன். "கை அளவு தெரியாம மவுஸ் வாங்கறது, கால் அளவு தெரியாம செருப்பு வாங்கற மாதிரி."

இன்ச் டேப்பின் சென்டிமீட்டர் பக்கத்தைத் திருப்பி, மணிக்கட்டுக் கோட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை அவள் வைத்துப் பார்த்தாள். "பத்தொன்பதரை. எழுதிக்கோ."

அவன் எழுதிக்கொண்டான். அன்று மாலைக்குள் ஆர்டரும் போட்டுவிட்டான். அந்த வீட்டில் எல்லாம் எப்போதும்போல் நடந்த கடைசி ஞாயிறு அது. புதன்கிழமை ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், மூச்சு வாங்குகிறது என்று படிக்கட்டில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

சனிக்கிழமை பார்சல் வந்தது.

*

அதெல்லாம் நடந்து இன்றோடு ஆறு மாதம்.

போன வாரம் அண்ணி எலும்பு மருத்துவரிடம் போனாள். வலது மணிக்கட்டில் பட்டையும், பட்டைக்கு மேல் ஒரு முகச்சுளிப்புமாகத் திரும்பி வந்தாள். மருத்துவர் சொன்னது மூன்றே வாக்கியம். "மவுஸ் உங்க கைக்கு ரொம்பப் பெரிசு. அதை மாத்துங்க, இல்லேன்னா விளையாட்டை நிறுத்துங்க. ரெண்டும் முடியாதுன்னா அடுத்த மாசம் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கலாம்."

விளையாட்டை நிறுத்து என்று சொல்வது மருத்துவருக்கு எளிது. வீட்டில் யாருக்கும் அந்த வாய் வரவில்லை. அண்ணி பகலெல்லாம் மருந்துக்கடையில் மாத்திரை அட்டைகளைக் கத்தரித்து உறையில் போடுகிறாள். வீட்டுக்கு வந்தால் கேட்டதற்குப் பதில், அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. மாலை ஏழு மணி ஆனதும் அண்ணனின் கணினி முன் உட்காருவாள். நான்கு பேர் சேர்ந்து ஒரு கோட்டையைக் காக்கிற விளையாட்டு. எட்டு வருடம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததைக் கை கற்றுக்கொள்ள அவளுக்குப் பத்து நாள்தான் ஆனது. எட்டரை மணிவரை விளையாடுவாள். அந்த ஒன்றரை மணி நேரம் அவள் கன்னத்தில் ரத்தம் ஓடுவதைக் கதவிடுக்கு வழியாகவே பார்க்கலாம்.

ஆனால் பிடித்திருப்பது அண்ணனின் பழைய மவுஸ். அகலமாக, தட்டையாக, ஆமை ஓடு மாதிரி இருக்கும். இடப்பக்கத்து ரப்பரில் அவன் கட்டைவிரல் தேய்த்த குழி. அந்தக் குழியில் அவள் விரலை வைத்தால் மற்ற விரல்கள் பட்டனை எட்டா. பட்டனை எட்டினால் மணிக்கட்டு மேசை விளிம்பில் மடங்கிக் கிடக்கும். ஆறு மாதமாக அவள் மடங்கியே விளையாடிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமையே வந்த புது மவுஸ்? அது பீரோவுக்கு மேல், பிரிக்காத பெட்டியில்.

*

காலையில் அந்தப் பெட்டியைக் கீழே இறக்கியவர் அப்பா.

அப்பா முப்பத்தோரு வருடம் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். பொடி எழுத்தில் எது இருந்தாலும் படிக்காமல் விடமாட்டார். மாத்திரை டப்பா, பிஸ்கட் உறை, குடையின் பிடியில் ஒட்டியிருக்கிற சீட்டு எல்லாம் படிப்பார். பூதக்கண்ணாடியைப் பெட்டியின் மேல் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"'அளவு பொருந்தாவிட்டால் பிரிக்காத பெட்டியுடன் கடையில் கொடுத்து வேறு அளவு பெற்றுக்கொள்ளலாம். ஆர்டர் செய்த நாளிலிருந்து ஆறு மாதம்.'" கண்ணாடியை இறக்கினார். "இன்னையோட முடியுது."

"அதை ஏன் மாமா எடுத்தீங்க?" அண்ணி இடது கையால் டம்ளரைப் பிடித்தபடி நின்றாள்.

"தூசி படிஞ்சிருந்தது. தட்டலாம்னு எடுத்தேன்."

"தூசி தட்ட பூதக்கண்ணாடி எதுக்கு?"

அப்பா மாட்டிக்கொண்டார். பயணி ஒருவன் செல்லாத டிக்கெட்டோடு விழிப்பானே, அப்படி ஒரு விழி. "இல்லம்மா… டாக்டர் கை அளவுக்கு வாங்கச் சொன்னாரே. புதுசா அலையறதுக்கு இதையே கொடுத்துட்டு…"

"அது மாத்தறதுக்கு வந்தது இல்ல, மாமா." குரல் உயரவில்லை. "அவர் கைக்குன்னு வந்தது."

பெட்டியை வாங்கி, ஸ்டூல் போட்டு ஏறி, இருந்த இடத்திலேயே வைத்தாள். தூசி இல்லாத சதுரம் ஒன்று அங்கே அதற்காகவே காத்திருந்தது. இறங்கும்போது வலது கையை ஊன்றிவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இதையெல்லாம் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள் கத்திரி.

கத்திரி என்பது தங்கைக்கு அண்ணன் வைத்த பெயர். கையுறை தைக்கும் பட்டறையில் அவள் வெட்டுப் பிரிவுக்குப் பொறுப்பு. தொழிலுக்கும் பொருந்தும், நாக்குக்கும் பொருந்தும் என்று சொல்லித்தான் வைத்தான். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவன் போனபின் அண்ணி மட்டும் அந்தப் பெயரை வாயில் எடுக்கவில்லை. "இங்க பாரு" என்பாள். அல்லது நேரே விஷயத்துக்கு வந்துவிடுவாள்.

அண்ணி இறங்கியதைப் பார்த்த கத்திரிக்குச் சொல்ல வேண்டியது ஒன்று வாய்வரை வந்தது. வழக்கம்போல மென்று விழுங்கிவிட்டு, பட்டறைக்குக் கிளம்பினாள்.

*

பட்டறையில் சனிக்கிழமை அரைநாள் வேலை. பின்சுவரில் அட்டைகள் தொங்கும் கம்பி ஒன்று உண்டு. வெல்டர் கை, குளிர்பதனக் கிடங்குக்காரர் கை, தோட்ட வேலைக்காரர் கை. ஒவ்வொரு கைக்கும் ஒரு மாதிரி அட்டை. அந்தக் கம்பியின் கோடியில் அண்ணனுடைய அட்டையும் தொங்கியது. நான்கு வருடத்துக்கு முன் லிஃப்ட் வேலைக்காக அவனுக்கு அவளே வெட்டிக் கொடுத்த தோல் கையுறையின் மாதிரி.

மூன்று மாதத்துக்கு முன், வேறொன்றைத் தேடும்போது அந்த அட்டை கையில் வந்தது. ஓரத்தில் அவளுடைய கையெழுத்து: *கை 18½. வெட்டு 19½.*

அப்போதுதான் புரிந்தது.

இருபத்திரண்டு வருடமாக அவள் ஒரு கையைச் சுற்றிக் கோடு போடும்போதெல்லாம், கோடு கையை ஒட்டிப் போகாது. அரை சென்டிமீட்டர் தள்ளியே போகும். அந்த அரை சென்டிமீட்டர் தையலுக்கு. புதிதாகச் சேர்பவர்கள் முதலில் கையை ஒட்டி வரைந்து, பிறகு வெளியே இன்னொரு கோடு போடுவார்கள். அவளுக்கு அந்த உள்கோடு தேவைப்படாமல் போய்ப் பல காலமாயிற்று. பென்சில் தானாகவே விலகி ஓடும். கண்ணை மூடிக்கொண்டு வரைந்தாலும் எந்த இடத்திலும் ஒரு நூல் கூடாது, குறையாது. பட்டறையில் அவளுக்கு மதிப்பே அதற்குத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையிலும் பென்சில் அப்படித்தான் ஓடியிருக்கிறது. விரல் நுனியில் அரை, மணிக்கட்டில் அரை. பதினெட்டரை பத்தொன்பதரை ஆகிவிட்டது. மவுஸுக்கு ஏது தையல்?

பத்தொன்பதுக்கு மேல் என்றால் பெரிய அளவு. அவன் பெரியதை ஆர்டர் போட்டான். பீரோ மேல் இருப்பது அவன் கைக்கும் பொருந்தாதது.

இதை அண்ணியிடம் எப்படிச் சொல்வது? அவன் கடைசியாக ஆசைப்பட்டு வாங்கியதைக் கெடுத்தது என் கைதான் என்றா? தினமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு போகிறாயே, அது ஒரு தப்புக் கணக்கு என்றா? மூன்று மாதமாக அவள் அந்த அட்டையைத் திருப்பி மாட்டி வைத்திருந்தாள், எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி.

இன்று காலை அண்ணி பல்லைக் கடித்தது கண்ணிலேயே நின்றது. பன்னிரண்டரைக்கு மணி அடித்ததும், அட்டையைக் கம்பியிலிருந்து கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

*

மருந்துக்கடைக்கு விடுப்பு சொல்லியிருந்த அண்ணி, சாப்பிட்ட தட்டை இடது கையால் கழுவிக்கொண்டிருந்தாள். கத்திரி அட்டையை அடுக்களை மேடையில் வைத்தாள்.

"அண்ணி, மேல இருக்கிற பெட்டி அவனுக்கே பெரிசு."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"என்ன பெரிசு?"

"அந்த மவுஸ். அன்னைக்கு நான் கையுறைக்கு எடுக்கிற மாதிரியே அளவு எடுத்துட்டேன். தையலுக்கு விட்டு. அவன் கை பதினெட்டரைதான். இதோ, இதுல இருக்கு பாருங்க. நான் பத்தொன்பதரைன்னு சொன்னேன். அவன் நம்பிப் பெரிசா வாங்கிட்டான்."

அண்ணி குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை எடுத்தாள். அதன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மூணு மாசமா."

"மூணு மாசம்." அண்ணி தலையாட்டினாள். "மூணு மாசமா நான் ஏறி இறங்கி, அண்ணாந்து பாத்து… அது அவர் கைக்குன்னே அளவா வந்ததுன்னு நெனச்சு… நீயும் பாத்துக்கிட்டே இருந்திருக்கே."

"சொன்னா அதுவும் இல்லாம போயிடும்னு பயந்தேன்."

"அதுவும்னா?"

"உங்களுக்குன்னு அவன் வெச்சிட்டுப் போன மாதிரி இருந்தது அது ஒண்ணுதானே."

அண்ணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கூடத்தில் அப்பா செய்தித்தாளைத் திருப்பும் சத்தம் நின்றுபோயிருந்தது. காது இங்கேதான் இருந்தது.

திட்டு விழும் என்று கத்திரி காத்திருந்தாள். விழுந்தால் தேவலை என்றுகூடத் தோன்றியது. இந்த வீட்டில் அவர்கள் இருவரும் சண்டை போட்டு ஆறு மாதம் ஆகிறது; அவன் இருந்தபோது வாரத்துக்கு இரண்டு.

"அன்னைக்கே பிரிச்சிருந்தா," என்றாள் அண்ணி கடைசியில், "என்ன பண்ணியிருப்பார்?"

"கத்தியிருப்பான்."

"கத்த மாட்டார். கையில வெச்சுப் பாப்பார். கை தொளதொளன்னு கிடக்கும். 'பாருடி, என் தங்கச்சி எனக்கும் தையலுக்கு விட்டுட்டா'ன்னு எனக்குச் சொல்லி, மாமாவுக்குச் சொல்லி, விளையாட்டுல இருக்கிற மத்த மூணு பேருக்கும் சொல்லி, ஒரு வாரம் உன்னைத் தலை நிமிர விட்டிருக்க மாட்டார்." அவள் வாயோரம் லேசாக அசைந்தது. "அப்புறம்?"

"அப்புறம் மாத்தப் போயிருப்பான்."

"போயிருப்பார். உன்னையும் இழுத்துக்கிட்டு."

"போகிற வழியெல்லாம் வெறுப்பேத்திக்கிட்டு."

"ம்."

கொஞ்ச நேரம் இருவரும் அந்த நடக்காத பயணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அண்ணி எழுந்தாள்.

"ஸ்டூலைப் பிடிச்சுக்கோ. எனக்கு ஒரு கைதான்."

"கடை எட்டு மணிக்குத்தான் பூட்டும். பாக்ஸ்ல போட்டிருக்கு," என்றார் அப்பா கூடத்திலிருந்து, யாரும் கேட்காமலே.

*

கடை ஒரு வணிக வளாகத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் இருந்தும் இருவரும் படியேறினார்கள். ஏன் என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்ளவில்லை.

கடைக்காரர் வழுக்கைத் தலையும் உற்சாகமுமாக இருந்தார். பெட்டிமேல் ஒட்டியிருந்த தேதியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "இன்னைக்குத்தான் கடைசி! சரியா வந்து நிக்கறீங்களே. சரிபார்க்க நான் பிரிக்கணும், பரவாயில்லையா?"

கத்தி நாடாவில் ஓடுகிற சத்தத்தில் அண்ணி வேறு பக்கம் பார்த்தாள். அப்புறம் திரும்பினாள். "ஒரு தடவை நான் வெச்சுப் பாக்கலாமா?"

கண்ணாடி மேசைமேல் அந்தப் புது மவுஸ். கறுப்பு நிறம், ஆளில்லாத படகு மாதிரி இருந்தது. அண்ணி பட்டையைத் தளர்த்திக் கையை அதன்மேல் வைத்தாள். கை அதில் எங்கோ ஒரு மூலையில் கிடந்தது. ஐந்து விநாடி இருக்கும். எடுத்துவிட்டாள்.

"வாங்கிக்கோங்க," என்றாள் கடைக்காரரிடம்.

பிறகு அவர் கடையையே மேசைமேல் கொட்ட ஆரம்பித்தார்.

"இது பாருங்க மேடம், ஏழு கலர்ல எரியும்."

"எரிஞ்சு?"

"பாக்க அழகா இருக்கும்."

"கைக்கு அடியிலதானே இருக்கப்போகுது. யார் பாக்கிறது?"

கடைக்காரர் சளைக்கவில்லை. "இதுல பக்கவாட்டுல மட்டும் பன்னிரண்டு பட்டன்."

"எனக்கு இருக்கிறதே பத்து விரல். அதுல அஞ்சு இப்ப வேலைக்கு ஆகல."

கத்திரி சிரித்துவிட்டாள். அண்ணியின் வாயிலிருந்து இப்படி ஒன்று விழுந்து எத்தனை நாளாயிற்று.

அடுத்து அவர் எடுத்து வைத்தது செங்குத்தாக நிற்கிற ஒன்று. கை குலுக்கப் பிடிப்பதுபோல் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். "மணிக்கட்டு வலிக்கு எல்லாரும் வாங்கறது இதைத்தான்." அண்ணி பிடித்தாள். முகம் தளர்ந்தது. வலி இல்லை. ஆனால் கடைக் கணினியில் ஒரு சண்டையைத் திறந்து வேகமாக இழுத்ததும் குறி தாண்டிப் போய்ச் சுவரில் நின்றது. மறுபடி இழுத்தாள். மறுபடி தாண்டியது.

"கடிதம் எழுத, கணக்குப் போட இது சரி. கிழக்கு வாசலுக்கு ஆகாது. அதுக்குள்ள எதிரி உள்ள வந்து உக்காந்து சாப்பிட்டுட்டுப் போயிடுவான்," என்றாள் அண்ணி.

"நீங்க தள்ளி நில்லுங்க," என்றாள் கத்திரி கடைக்காரரிடம். "நான் பாக்கறேன்."

அவளுக்கு மவுஸைப் பற்றி ஒன்றும் தெரியாது. கையைப் பற்றித் தெரியும். அண்ணியின் கையைத் திருப்பினாள். நடுவிரல் நுனிவரை அளந்தாள். இந்தமுறை டேப்பை நேரே தோலின்மேல் வைத்து. பதினாறே முக்கால். "அண்ணி, மவுஸ் இருக்குன்னு நெனக்காதீங்க. மேசைமேல கையைச் சும்மா போடுங்க. எப்படி விழுதோ அப்படி."

கை விழுந்தது. உள்ளங்கை மேசையில் படியவில்லை. விரல்கள் லேசாக மடங்கி, சுண்டுவிரல் ஒதுங்கி நின்றது. முழுக்கையையும் கிடத்திப் பிடித்தவன் அண்ணன். இவள் அப்படி இல்லை. விரலைக் குவித்துப் பிடிக்கிறவள். அவனுடைய பிடியை ஆறு மாதமாக இவள் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பின்பக்கம் மேடு இருக்கணும், ஆனா நீளம் குறைவா. வலப்பக்கம் கொஞ்சம் சரிவு. சுண்டுவிரல் தரையில இழுபடாம உக்கார ஒரு விளிம்பு. எடை கம்மி. பட்டன் அமுக்கறது தெரியக்கூடாது," என்று கடைக்காரரிடம் அடுக்கினாள், தோல் வாங்க வந்தவள் போல.

கடைக்காரர் உள்ளே போய் மூன்றைக் கொண்டுவந்தார்.

முதலாவதில் அண்ணி, "விரல் நுனி வழுக்குது," என்றாள். இரண்டாவதில், "நல்லாத்தான் இருக்கு. கட்டைவிரல் கொஞ்சம் பின்னால வளையுது. பழகினா சரியாயிடும்," என்றாள்.

"பழக வேண்டியது அது, நீங்க இல்ல. அடுத்தது."

பட்டறையில் கத்திரிக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுக் கையுறையைப் போட்டுப் பார்க்கிறவரிடம் பொருந்துகிறதா என்று கேட்கவே மாட்டாள். கேட்டால் எல்லோரும் பொருந்துகிறது என்றுதான் சொல்வார்கள். சும்மா பக்கத்தில் நிற்பாள். சரியில்லாத உறையைப் போட்டவர்கள் கையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள்: இங்கே இறுக்கம், இங்கே தொளதொளப்பு, பரவாயில்லை, பழகிடும். சரியானதைப் போட்டவர்கள் கையை மறந்துவிட்டு வேறு எதையாவது பேச ஆரம்பிப்பார்கள்.

மூன்றாவது சாம்பல் நிறம், சிறியது. அண்ணி பிடித்தாள். திரையில் கோட்டைச் சுவர் ஒன்று ஓடியது. கத்திரி பக்கத்தில் நின்றாள், வாயைத் திறக்காமல். கண் மட்டும் அந்தச் சுண்டுவிரல்மேல். அது விளிம்பில் உட்கார்ந்திருந்தது. மணிக்கட்டு நேராக இருந்தது. ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம்.

"கொக்குக்கு இன்னும் தெரியாது," என்றாள் அண்ணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எந்தக் கொக்கு?"

"விளையாட்டுல மேற்கு வாசல்ல நிக்கறவர். நிஜப் பேர் தெரியாது. உன் அண்ணன் அங்க 'பெரிசு'. எட்டு வருஷமா பெரிசும் கொக்கும்தான்."

"என்ன தெரியாது அவருக்கு?"

அண்ணியின் கை நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. "பெரிசு இல்லேங்கறது."

கத்திரி நிமிர்ந்தாள். "அப்ப இந்த ஆறு மாசமா யார்னு நெனச்சுக்கிட்டு…"

"அவர்னுதான். முதல் நாள் சொல்லத்தான் உக்காந்தேன். திறந்ததும், 'எங்கய்யா போயிட்டே பத்து நாளா, கிழக்கு வாசல் காலியா கிடக்கு'ன்னு திட்டினார். அவரைத் திட்டற குரல். கேட்டு எவ்வளவு நாளாச்சு… தொண்டையில ஆபரேஷன், பேசக் கூடாதுன்னு எழுதிப் போட்டேன். போய் வாசல்ல நின்னுட்டேன். மறுநாள் சொல்லலாம்னு." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல. "அங்க மட்டும்தான் அவர் இன்னும் இருக்கார். நான் சொல்லிட்டா அங்கயும் போயிடுவார்."

கடைக்காரர் எதையோ சொல்ல வந்து, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, விளக்கெரியும் மவுஸ்களை எடுத்துப் பெட்டியில் போடத் தொடங்கினார்.

"அண்ணன் அமுக்கிக்கிட்டுப் பேசுவானே, அந்த மைக் பட்டன் எங்க இருக்கும்?" என்று கேட்டாள் கத்திரி மெல்ல.

"பக்கவாட்டுல. அவர் மவுஸ்ல முன்னால தள்ளி இருந்தது, எனக்கு எட்டாது. அது ஒரு நல்ல சாக்கு." அண்ணி குனிந்து தன் கட்டைவிரலைப் பார்த்தாள். அது தேடாமல், நீளாமல், அந்தப் பட்டன்மேலேயே உட்கார்ந்திருந்தது.

"இதுதான்," என்றாள் கத்திரி.

"தெரியுது," என்றாள் அண்ணி.

*

வீட்டுக்கு வந்ததும் அண்ணி பழைய மவுஸைக் கழற்றினாள். ஈரத்துணியால் துடைத்தாள், கட்டைவிரல் குழியை மட்டும் துடைக்கவில்லை. வயரைச் சுற்றி மேசையின் இழுப்பறையில் வைத்தாள். பீரோவுக்கு மேலே அந்தத் தூசியில்லாத சதுரத்தை அப்பா தாமே ஏறித் துடைத்துவிட்டிருந்தார். இப்போது எல்லா இடமும் ஒன்றுபோல் இருந்தது.

"எவ்வளவு நாளைக்கு உத்தரவாதம்?" என்று கேட்டுப் புதுப் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு, பூதக்கண்ணாடியோடு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

ஏழு மணி.

கத்திரி கதவுக்கு வெளியே நின்றாள். அண்ணி கூப்பிட்டாள்.

"உள்ள வந்து உக்காரேன் கத்திரி. ஏன் திருடி மாதிரி நிக்கற?"

கத்திரி என்றுதான் சொன்னாள். சொன்னது அவளுக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை. கத்திரி உள்ளே போய், எட்டு வருடம் அண்ணி உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அண்ணி இன்று ஹெட்போனை மாட்டவில்லை. ஒலிபெருக்கியில் ஒரு தடித்த குரல், தும்மலோடு வந்தது. "பெரிசு! வந்துட்டியா? என்னய்யா இன்னைக்குக் கை இந்த ஓட்டம் ஓடுது? ஆறு மாசமா உருளைக்கிழங்கு மூட்டை இழுக்கற மாதிரி இழுத்துக்கிட்டு இருந்தே. புது மவுஸா?"

அண்ணி இடது கையால் தட்டினாள்: *ஆமாம்.*

"அதானே பாத்தேன். சரி, தொண்டை எப்படி இருக்கு? ஆறு மாசம் ஆச்சேப்பா. ஒரு வார்த்தை பேசு. எவ்வளவு நாளைக்கு நானே பேசிட்டு நானே சிரிக்கறது?"

திரையில் கோட்டையின் கிழக்கு வாசல் அமைதியாக இருந்தது. இன்னும் யாரும் வரவில்லை. அண்ணியின் விரல்கள் விசைப்பலகையை விட்டு எடுபட்டன. கட்டைவிரல் மட்டும் பக்கவாட்டுப் பட்டன்மேல், அமுக்காமல், அதன் மேலேயே.

"நான் இருக்கட்டுமா, போகட்டுமா?" என்று கேட்டாள் கத்திரி.

அண்ணி யோசித்தாள். "போ. கதவைச் சாத்தாதே."

கத்திரி தன் அறைக்கு வந்தாள். அலமாரிக் கதவின் உள்பக்கம், நான்கு மூலையிலும் ஊசி குத்தி, அண்ணன் கையை வரைந்த அந்தப் பழுப்புத் தாள் இருந்தது. ஊசிகளை எடுத்தாள். தாளை மேசையில் விரித்து விளக்கைப் போட்டாள். பென்சிலைச் சீவிக்கொண்டாள்.

பல வருடமாகப் போடாத உள்கோடு அது. வெளிக்கோட்டிலிருந்து அரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, சுண்டுவிரலின் அடியில் தொடங்கினாள். ஏறி இறங்கினாள். மோதிர விரல். நடுவிரல். கூசுகிறது என்று யாரும் சொல்லவில்லை. ஆட்காட்டி விரலைத் தாண்டிக் கட்டைவிரலுக்கு வரும்போது, அடுத்த அறையில் அண்ணி தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. அப்புறம் மவுஸின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு 'டிக்'. கொக்கு பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்தினார்.

கத்திரி பென்சிலை எடுக்கவில்லை. மணிக்கட்டுவரை கொண்டுவந்து கோட்டை முடித்தாள்.

டேப்பை எடுத்து, மணிக்கட்டுக் கோட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை வைத்தாள்.

பதினெட்டரை.